லாரி ஓட்டுநர்களுக்கு மது, போதைச் சோதனை: எங்கே எடுப்பது, எதை நம்புவது

நாமக்கல்லில் 14 லாரி வைத்து நடத்துகிறீர்கள். பாதி வண்டிகள் ராஜஸ்தான், பஞ்சாப் வரை போய் வருபவை. சமீபத்தில் ஒரு வண்டி விடிகாலையில் தடுப்புச் சுவரில் மோதியதிலிருந்து ஓட்டுநர்களுக்கு மது, போதைப் பொருள் சோதனை எடுத்தாக வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். நம்பகமான லேபைப் பக்கத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது, ஒருவருக்கு "பாசிட்டிவ்" என்று வந்தால் என்ன செய்வது, கப்பல் வேலைக்குப் போகிற உங்கள் அக்கா மகனுக்கு எந்தச் சோதனை செல்லும் என்பவை உங்கள் கேள்விகள்.

நான் சேலத்திலும் கோயம்புத்தூரிலும் லேப்களில் 19 வருடம் வேலை பார்த்தவன். முதல் ஆறு வருடம் சாம்பிள் எடுப்பது, பிறகு ரிப்போர்ட்டுகளைச் சரிபார்த்துக் கையெழுத்துக்கு அனுப்புவது. அந்த அனுபவத்தில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேபைக் கண்டுபிடிப்பது ஒரு நாள் வேலை. அந்த லேபில் உங்கள் ஓட்டுநரின் சாம்பிளை யார் எடுக்கிறார்கள், முதல் சோதனையில் கோடு மாறித் தெரிந்தால் அடுத்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் ஒரு குடும்பத்தின் சோறு இருக்கிறது.

மதுவையும் போதைப் பொருளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மதுவுக்கு லேப் தேவையில்லை, உங்கள் ஷெட்டிலேயே பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். போதைப் பொருளை ஷெட்டில் பார்க்கக் கூடாது. அதற்குத்தான் லேப்.

மதுவிலிருந்து வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இரண்டாவது முறை 15,000, இரண்டு வருடம் வரை சிறை. இது ஓட்டுநருக்கு. உங்களுக்கு வேறொரு அடி இருக்கிறது. ஓட்டியவர் போதையில் இருந்தார் என்று உறுதியானால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும்.

நிறைய உரிமையாளர்கள் கவனிக்காத இடம் காலை ஆறு மணி. "குடிச்சது ராத்திரிங்க, இப்ப தெளிவாத்தான் இருக்கேன்" என்று ஓட்டுநர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தோன்றும். கணக்கைப் பாருங்கள். 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள சரக்கு ஒரு குவாட்டர், அதாவது 180 மில்லி என்றால் உடம்புக்குள் போவது சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். உடம்பு அதைக் கழிக்கும் வேகம் சராசரியாக மணிக்கு 15 மில்லிகிராம் அளவு, 100 மில்லி ரத்தத்தில். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு குவாட்டர் அடித்தால் சட்ட வரம்புக்குக் கீழே வரவே ஆறேழு மணி நேரம் ஆகும். இரவு எட்டு மணிக்கு ஆரம்பித்து 'ஆஃப்' முடித்துவிட்டுப் படுத்தவர் காலை ஆறு மணிக்குச் சாவி வாங்க வரும்போது ரத்தத்தில் இன்னும் 100-க்குப் பக்கத்தில் இருக்கும். வரம்பைப்போல் மூன்று மடங்கு. அவர் குளித்து, திருநீறு வைத்து, டீ குடித்துவிட்டு நேராக நிற்பார். பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஊதினால் தெரிந்துவிடும். மோர், எலுமிச்சை, கறுப்புக் காபி எதுவும் அந்த 15-ஐ 16 ஆக்காது.

அதனால் நல்ல பிரீத் அனலைசர் ஒன்று வாங்குங்கள். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற செமிகண்டக்டர் சென்சார் பொம்மைகளை வாங்காதீர்கள், அவை சிகரெட் புகைக்கும் சென்டுக்கும் கூட எண் காட்டும். 'ஃபியூயல் செல்' சென்சார் உள்ளதா, அச்சுத்தாள் வருமா, நினைவகத்தில் பதிவு நிற்குமா, வருடத்துக்கு இரண்டு முறை அளவுத் திருத்தம் செய்து சான்று தருவார்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். அளவுத் திருத்தச் சான்று இல்லாத கருவியின் எண்ணுக்கு விசாரணையில் ஒரு மதிப்பும் இல்லை.

ஊதச் சொல்லும் முறையும் முக்கியம். வாயில் ஒட்டியிருக்கிற ஆல்கஹாலைக் கருவி ரத்த ஆல்கஹாலாக எண்ணிக்கொள்ளும். மவுத்வாஷ், இருமல் டானிக், ஹோமியோபதிச் சொட்டு மருந்து, அரிஷ்டம் எல்லாம் இந்த வகை. 2025 ஜூலையில் கேரளத்தின் பந்தளம் அரசுப் பேருந்துப் பணிமனையில் குடிக்காத ஓட்டுநர்களுக்குக் கருவி மது காட்டியது. விசாரித்தபோது, நன்றாகப் பழுத்து நொதித்திருந்த பலாச்சுளை தின்றுவிட்டு ஊதியதுதான் காரணம் என்று தெரிந்தது. விமானத் துறையில் மவுத்வாஷ் போன்ற ஆல்கஹால் கலந்த பொருள்களையே ஊழியர்கள் உபயோகிக்கக் கூடாது என்று 2023-இல் விதி வந்ததும் இந்தக் காரணத்தால்தான். ஆகவே முதல் ஊதலில் எண் வந்தால் உடனே முடிவெடுக்காதீர்கள். தண்ணீரில் வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, 15 முதல் 20 நிமிடம் எதுவும் சாப்பிடாமல் உட்காரவைத்து, புது ஊதுகுழல் மாட்டி மறுபடி ஊதச் சொல்லுங்கள். வாய் ஆல்கஹால் அதற்குள் போய்விடும், ரத்தத்தில் இருப்பது போகாது. இரண்டாவது எண்ணைத்தான் எழுத வேண்டும். பதிவேட்டில் நேரம், எண், ஊதியவர் கையெழுத்து, பார்த்தவர் கையெழுத்து.

விபத்துக்குப் பிறகு ரத்தத்தில் பார்க்க வேண்டி வந்தால் ஒன்று நினைவில் வையுங்கள். ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கக் கூடாது, அயோடின் கரைசலால் துடைக்க வேண்டும். ரத்தம் ஃபுளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாயில் போக வேண்டும். அவசரத்தில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு கேள்வியிலேயே ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார்.

இனி போதைப் பொருள்.

மருந்துக் கடையிலும் ஆன்லைனிலும் சிறுநீர்ச் சோதனை அட்டை கிடைக்கிறது. அட்டையை நனைத்து ஐந்து நிமிடம் வைத்தால் கோடு விழும். கோடு விழுந்தால் நெகட்டிவ், விழாவிட்டால் பாசிட்டிவ். கர்ப்பச் சோதனை அட்டைக்கு நேர் எதிர். இதையே தலைகீழாகப் படித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அட்டையின் பெரிய குறை அதுவல்ல. மூலக்கூறின் சாயலைப் பார்த்துத்தான் அது தீர்ப்புச் சொல்கிறது. சாயல் ஒத்துப்போனால் வேறொரு மருந்தையும் போதை என்று காட்டிவிடும்.

ஏழெட்டு வருடத்துக்கு முன் நடந்தது. நூற்பாலை ஒன்று தன் வேன் ஓட்டுநர்கள் பன்னிரண்டு பேரை நான் அப்போது வேலை பார்த்த லேபுக்கு அனுப்பியது. அட்டைச் சோதனை மட்டும் கேட்டிருந்தார்கள். அதில் ஒருவருக்கு ஓபியேட், அதாவது அபின் வகைக்கான கட்டத்தில் கோடு விழவில்லை. நாற்பது வயதிருக்கும், காக்கிச் சட்டைப் பையில் மாத்திரை அட்டை துருத்திக்கொண்டிருந்தது. "அஞ்சு நாளா நெஞ்சுச் சளிங்க, டாக்டரு எழுதிக் கொடுத்த மாத்திரைதானுங்க போடறேன்" என்று அதை எடுத்துக் காட்டினார். லீவோஃப்ளாக்சசின். அந்த வகை ஆன்டிபயாட்டிக் சில அட்டைகளில் ஓபியேட்டாகத் தெரியும் என்பது எங்கள் துறையில் பழைய செய்தி. சாம்பிள் எடுத்தவர் அதைப் படிவத்தில் எழுதவில்லை. ரிப்போர்ட்டில் "முதல்கட்டச் சோதனை மட்டும், உறுதி செய்யப்படவில்லை" என்ற வரி இல்லாமலேயே "பாசிட்டிவ்" என்று போனது. சரிபார்த்தது நான்தான். அன்று சாயந்திரமே அவரை நிறுத்திவிட்டார்கள். அவர் மனைவி வந்து கேட்ட பிறகு, மீதமிருந்த சிறுநீரை உறுதிச் சோதனைக்கு அனுப்பினோம். ஒன்பதாம் நாள் பதில் வந்தது: மார்பின் இல்லை, கோடீன் இல்லை. ஆலைக்குத் தொலைபேசியில் சொன்னோம், எழுத்திலும் கொடுத்தோம். அதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். அந்த மனிதர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டிய கை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

ஆகவே அட்டையில் வருவது சந்தேகம். ஜிசி-எம்எஸ் அல்லது எல்சி-எம்எஸ் என்ற கருவியில் மூலக்கூறையே எடைபோட்டு அடையாளம் கண்ட பிறகுதான் அது முடிவு. அந்த இரண்டாவது சோதனை இல்லாமல் யாரையும் வேலையைவிட்டு நிறுத்தாதீர்கள், சம்பளம் பிடிக்காதீர்கள், மற்ற ஓட்டுநர்கள் முன்னால் ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். முடிவு வரும்வரை ஸ்டியரிங்கை மட்டும் கொடுக்காமல் சம்பளத்தோடு ஷெட் வேலையில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, எதைச் சோதிக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். சந்தையில் கிடைக்கிற பல 'ஐந்து வகை' அட்டைகள் அமெரிக்க அரசு தன் ஊழியர்களுக்கு வகுத்த பட்டியலைப் பின்பற்றியவை. அதில் பிசிபி என்ற போதைப் பொருளுக்கு ஒரு கட்டம் இருக்கும். நாமக்கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஊசியில் கரைத்துப் போட்டுக்கொள்கிறார்கள் என்று அடிக்கடி செய்தியில் வருகிற டேபன்டடால் வலி மாத்திரையைச் சாதாரண ஓபியேட் கட்டம் பிடிக்காது. டிரமடாலும் அப்படித்தான், அதற்குத் தனி அட்டை வேண்டும். தூக்க மாத்திரைகளுக்குப் பென்சோடயசபின் கட்டம் இருக்க வேண்டும். கஞ்சா, ஓபியேட், ஆம்ஃபெடமின்-மெத், பென்சோடயசபின், டிரமடால், டேபன்டடால், இந்த ஆறும் வருமா என்று லேபில் கேளுங்கள். கடைசியானது பெரும்பாலும் எல்சி-எம்எஸ்ஸில்தான் முடியும். ஹான்ஸ், கூல் லிப் போன்ற புகையிலைகள் இந்தச் சோதனை எதிலும் வராது.

வடக்கே போகிற வண்டிகள் என்பதால் இன்னும் இரண்டு. ராஜஸ்தான், பஞ்சாப் நெடுஞ்சாலைகளில் தூக்கம் வராமல், உடம்பு வலி தெரியாமல் ஓட்ட 'டோடா' அல்லது 'புக்கி' என்று கசகசாச் செடியின் காய்த்தோலைப் பொடி செய்து டீயில் போட்டுக் குடிக்கும் பழக்கம் ஓட்டுநர்களிடம் வெகுகாலமாக உண்டு. அது அபின்தான், மார்பினாகவே தெரியும். பாங்கு லஸ்ஸி ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமம் பெற்ற கடையிலேயே கிடைக்கும். கஞ்சா இலைக்கு 1985-ஆம் வருடத்துப் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் வரையறையில் விலக்கு இருப்பதால் அப்படி விற்கிறார்கள். ஆனால் சிறுநீரில் பாங்குக்கும் கஞ்சாவுக்கும் வேறுபாடு கிடையாது. "கவர்மென்ட் கடையில வாங்கினதுங்க" என்று உங்கள் ஓட்டுநர் சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். வண்டி ஓட்ட அவர் தகுதியாக இருந்தாரா என்பது வேறு கேள்வி. பயணத்துக்கு முன்பே இதை எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.

கசகசாவையும் சொல்ல வேண்டும். விருந்துக் குருமாவில் அரைத்துவிடும் கசகசாவில் மார்பின் சிறிதளவு இருக்கும். சோதனையின் வரம்பு ஒரு மில்லிக்கு 300 நானோகிராம் என்று வைத்திருந்தால் அது மாட்டிவிடலாம். அமெரிக்காவில் 1998-இல் அந்த வரம்பை 2,000-க்கு உயர்த்தியதற்கு இதுவே காரணம். இங்கே விற்கும் பல அட்டைகள் இன்னும் 300 அளவில்தான் இருக்கின்றன. உறுதிச் சோதனையிலும் மார்பின் என்றே வரும், ஏனென்றால் உண்மையிலேயே மார்பின்தான். எவ்வளவு இருக்கிறது, கூட வேறென்ன இருக்கிறது என்று பார்த்து, சாப்பாட்டையும் மருந்தையும் விசாரித்து ஒரு மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். அப்படி ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்லும் மருத்துவர் லேபில் இருக்கிறாரா என்பதும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

சிறுநீர் எத்தனை நாள் காட்டிக்கொடுக்கும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. அபின் வகை, ஆம்ஃபெடமின் வகை இரண்டு மூன்று நாள். கஞ்சா எப்போதாவது இழுத்தவருக்கு மூன்று நாள் வரை, தினமும் இழுப்பவருக்கு ஒரு மாதம் வரைகூட. உமிழ்நீர் ஓரிரு நாள். வேரோடு ஒட்டி வெட்டிய ஒன்றரை அங்குல முடி 90 நாள் கதையைச் சொல்லும், ஆனால் நேற்று நடந்ததைச் சொல்லாது. இவற்றில் எதுவும் "விபத்து நடந்த நேரத்தில் போதையில் இருந்தார்" என்று சொல்வதில்லை. சமீபத்தில் உட்கொண்டார் என்பது மட்டுமே தெரியும். மூச்சு ஆல்கஹாலுக்கும் சிறுநீர்ச் சோதனைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இது.

லேபை எப்படித் தேடுவது? கூகுளில் தட்டினால் முதலில் வருவது விளம்பரம் கொடுத்தவர். நேராக என்ஏபிஎல் இணையதளத்துக்குப் போங்கள். இந்தியாவில் ஆய்வகங்களுக்குத் தரச்சான்று தருகிற தேசிய வாரியம் அது. மாநிலம், ஊர் என்று கொடுத்துத் தேடலாம். மருத்துவ ஆய்வகங்களுக்கு ஐஎஸ்ஓ 15189 தரத்தில் சான்று இருக்கும், எண் 'எம்சி' என்று தொடங்கும். இத்தோடு நின்றுவிடாதீர்கள். சான்று லேபுக்கு மொத்தமாகத் தரப்படுவதில்லை, சோதனை சோதனையாகத் தரப்படுகிறது. சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் சான்று வாங்கிவிட்டு வாசலில் முத்திரையை மாட்டியிருப்பார்கள், போதைப் பொருள் சோதனை அதில் இருக்காது. இணையதளத்திலேயே அந்த லேபின் 'ஸ்கோப்' பட்டியல் இருக்கும், இறக்கிப் பாருங்கள். ரிப்போர்ட்டிலும் சான்றுக்கு உட்படாத சோதனையைத் தனியாகக் குறித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் ஒரு நட்சத்திரக் குறி, கீழே பொடி எழுத்தில் விளக்கம். அந்தப் பொடி எழுத்தை அவசியம் படியுங்கள்.

நாமக்கல், திருச்செங்கோடு மாதிரி ஊர்களில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் கலெக்‌ஷன் சென்டர். சாம்பிளை எடுத்துச் சென்னைக்கோ மும்பைக்கோ டெல்லிக்கோ அனுப்புவார்கள். மெட்ரோபோலிஸ், டாக்டர் லால், நியூபெர்க் போன்ற பெரிய நிறுவனங்களின் கிளைகள் பல ஊர்களில் இருக்கின்றன. அனுப்புவது தப்பில்லை. உறுதிச் சோதனைக் கருவி கோடிக்கணக்கில் விலை, ஊருக்கு ஊர் வைக்க முடியாது. ஆனால் எந்த ஊர் லேபில் ஓடுகிறது, அந்த லேபின் சான்று எண் என்ன, முதல்கட்டமும் உறுதியும் ஒரே கட்டணத்தில் வருமா தனித்தனியா, பாசிட்டிவ் சாம்பிளை எத்தனை நாள் உறைநிலையில் வைத்திருப்பார்கள் என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். "சார், அதெல்லாம் கம்ப்யூட்டர் ரிப்போர்ட், கரெக்டா இருக்கும்" என்று பதில் வந்தால் அடுத்த லேபைப் பாருங்கள். பாசிட்டிவ் சாம்பிளை மறுபடி சோதிக்கக் கேட்கும் உரிமை ஓட்டுநருக்கு இருக்க வேண்டும். அதற்கு லேப் மிச்சத்தை வைத்திருந்தால்தான் முடியும்.

சாம்பிள் எடுக்கும் நாளில் ஒருமுறை நீங்களே போய் நின்று பாருங்கள். ஒழுங்கான இடம் என்றால் அடையாள அட்டையைப் பார்ப்பார்கள். மேல்சட்டை, பை எல்லாம் வெளியே வைக்கச் சொல்வார்கள். கழிவறைத் தொட்டித் தண்ணீரில் நீலச் சாயம் இருக்கும், குழாய் அடைத்திருக்கும், சிறுநீரில் தண்ணீர் கலந்துவிடக் கூடாது என்பதற்காக. டப்பா கைக்கு வந்த நான்கு நிமிடத்துக்குள் அதில் ஒட்டிய வெப்பப் பட்டையைப் பார்ப்பார்கள்: 32 முதல் 38 டிகிரிக்குள் இருந்தால்தான் அது இப்போது வந்த சிறுநீர். பாட்டிலில் கொண்டுவந்த வேறொருவருடையது அங்கேயே தெரிந்துவிடும். பிறகு அவர் கண் முன்னாலேயே இரண்டு குப்பிகளில் பிரித்து, ஒட்டுத்தாள் ஒட்டி, அதன்மேல் அவர் கையெழுத்தை வாங்கி, படிவத்தில் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று நேரத்தோடு எழுதுவார்கள். பத்து நாளாகச் சாப்பிட்ட மருந்துகளைக் கேட்டு எழுதுவார்கள். சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று தெரிய லேபில் கிரியாட்டினின் அளவைப் பார்ப்பார்கள். ஒரு டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஆள் வேண்டுமென்றே குடம் குடமாகத் தண்ணீர் குடித்து வந்திருக்கலாம், சாம்பிள் மறுபடி எடுக்க வேண்டும். இதில் பாதியைக்கூடச் செய்யாமல், டப்பாவைக் கையில் கொடுத்து "வெளிய போய்ப் புடிச்சுட்டு வாங்க" என்கிற இடத்தில் உங்கள் பணத்தைக் கொட்டாதீர்கள்.

சிலர் அரசுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கே கொடுத்துவிடலாமே என்பார்கள். அங்கே தனியாரிடம் சாம்பிள் வாங்க மாட்டார்கள். காவல் துறையும் நீதிமன்றமும் அனுப்புவதற்கானது அது.

சோதனையைத் தொடங்குவதற்கு முன் எழுத்து வேலை ஒன்று இருக்கிறது. தனியார் நிறுவனம் ஓட்டுநர்களைக் கட்டாயப்படுத்திச் சிறுநீர் எடுக்கலாம் என்று பொதுவான சட்டம் எதுவும் இல்லை. 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று சொன்ன பிறகு சம்மதம் இல்லாமல் எடுப்பது உங்களுக்கே வம்பு. ஒரு பக்கத்தில், தமிழில், ஓட்டுநருக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். எப்போதெல்லாம் சோதனை: வேலையில் சேரும்போது, விபத்துக்குப் பிறகு, நடத்தையில் கண்கூடாகச் சந்தேகம் வந்தால், வருடத்தில் இரண்டு முறை சீட்டுக் குலுக்கி. என்னென்ன பொருள்கள். முடிவு யார் கண்ணில் படும். பாசிட்டிவ் வந்தால் படிப்படியாக என்ன நடக்கும். கையெழுத்து வாங்கி ஒரு நகல் அவரிடமே கொடுங்கள். சீட்டை ஓட்டுநர்கள் முன்னிலையில் குலுக்குங்கள். உங்கள் பெயரையும் மேலாளர் பெயரையும் அதில் போடுங்கள். முதல் முறை உங்கள் சீட்டே விழுந்து நீங்கள் போய் டப்பா வாங்கினால், அதற்குப் பிறகு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ரிப்போர்ட்டை லேப் உங்கள் ஒருவருக்கு மட்டும், பூட்டுப் போட்ட கோப்பாக அனுப்ப வேண்டும். ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ரிப்போர்ட் வந்து விழுந்த நிறுவனங்களை எனக்குத் தெரியும். அதற்குப் பின் அங்கே ஒருவரும் வாய் திறந்து உண்மையைச் சொன்னதில்லை.

உங்கள் அக்கா மகன் விஷயம் எளிது. கப்பல் கம்பெனியோ அதன் முகவர் நிறுவனமோ எந்த மருத்துவரிடம் போக வேண்டும் என்று எழுத்தில் சொல்லும். அவர் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும், பட்டியல் அதன் இணையதளத்தில் இருக்கிறது. வெளியே எடுத்த ரிப்போர்ட்டைக் கொண்டுபோனால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். கடற்பணியாளர்களுக்கு மது வரம்பு சர்வதேச விதியில் ரத்தத்தில் 0.05 சதவீதம், பல கம்பெனிகள் அதைவிடக் கடுமையாக வைத்திருக்கின்றன. கப்பலிலும் முன்னறிவிப்பில்லாமல் சோதனை வரும். தம்பி ஏதாவது மருந்து சாப்பிடுகிறார் என்றால் மருத்துவரின் சீட்டைக் கையோடு கொண்டுபோகட்டும். வளைகுடா வழியாகப் போகிறார் என்றால் பெட்டியில் கசகசா வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள்.

வீட்டில் மகனுக்கோ மகளுக்கோ தெரியாமல் அட்டையில் பார்க்கலாமா என்று பெற்றோர் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இதைப் படிக்கும் யாருக்காவது அந்த எண்ணம் இருந்தால்: வேண்டாம். அட்டை தப்பாகக் காட்டினால் பிள்ளையின் நம்பிக்கை போய்விடும், சரியாகக் காட்டினாலும் அடுத்த அடி எடுத்துவைக்க உங்களுக்கு மருத்துவர்தான் வேண்டும். முதலிலேயே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், சோதனை தேவையா என்று அவர் முடிவு செய்யட்டும். தானாக வந்து சோதித்துக்கொண்டவரை லேப் காவல் துறைக்குக் காட்டிக்கொடுத்த சம்பவம் என் 19 வருடத்தில் ஒன்றுகூட இல்லை. சிகிச்சைக்குத் தானாக முன்வருகிற, போதைக்கு அடிமையானவரைச் சிறு அளவு வழக்கிலிருந்து விலக்கும் பிரிவு சட்டத்திலேயே இருக்கிறது, 64-ஏ.

கடைசியாக, உறுதிச் சோதனையிலும் பாசிட்டிவ் வந்த ஓட்டுநர். விமானத் துறையில் 2022 ஜனவரி 31 முதல் விமானிகளில் குறைந்தது பத்து சதவீதம் பேருக்கு வருடந்தோறும் முன்னறிவிப்பில்லாமல் போதைச் சோதனை எடுக்கிறார்கள். முதல் முறை உறுதியானால் அங்கேகூட ஆளைத் துரத்துவதில்லை, சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். நீங்களும் அப்படியே எழுதி வையுங்கள். நல்ல ஓட்டுநர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். தினமும் குடிக்கிறவரிடம் "நாளையிலிருந்து ஒரு சொட்டுத் தொடக் கூடாது, தொட்டால் வேலை இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். வருடக்கணக்காகக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இரண்டு மூன்று நாளில் நினைவு தடுமாறிப் பேசுவது என்று போகும். உயிருக்கே ஆபத்து. அவர் வண்டியில் இருக்கும்போது அது வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மருத்துவமனையில் மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு உங்களுக்குப் பக்கம். அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் தொடங்கியிருக்கிறார்கள். சென்னைக்குப் போக முடிந்தால் இந்திரா நகரில் டிடிகே மருத்துவமனை, 1980-இலிருந்து இதே வேலையைச் செய்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446, போதை மீட்புக்கான தேசிய இலவச எண். மனநல ஆலோசனைக்கு 14416, தமிழிலேயே பேசலாம்.

சிகிச்சை முடிந்து திரும்பியவருக்குச் சாவி கொடுக்கும் முன் ஒரு சோதனை, பிறகு ஆறு மாதத்துக்கு மாதம் ஒன்று. இதையும் அந்த ஒரு பக்கத்தில் எழுதிவிடுங்கள். சாம்பிளைத் திங்கள் முதல் புதன்வரை, காலையிலேயே எடுக்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை எடுத்தது கூரியர் அலுவலகத்திலேயே ஞாயிறு முழுக்கக் கிடக்கும்.